தண்ணீருக்குப் பட்டா கிடையாது

மலையில் மனை வாங்கிய எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வேலி ஞாபகம் வந்துவிட்டது போலும். தபால் பை முழுக்கக் கம்பியும் கல்காலும்தான். பெயர் போட வேண்டாம் என்றும் பலர் கேட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறாராம்.

நூறடி ஏமாந்தவர், கோத்தகிரி: எங்கள் மனையின் ஒரு பக்கம் வரைபடத்தில் 100 அடி. 100 அடிக்குக் கம்பி வலை வாங்கி இழுத்தால் 15 அடி பற்றவில்லை. ஏமாற்றியது கடைக்காரரா, பக்கத்து வீட்டுக்காரரா?

இருவரையும் விட்டுவிடுங்கள், ஏமாற்றியது மலை. சர்வேயர் நிலத்தைக் கிடைமட்டமாக அளந்துதான் வரைபடம் போடுவார். கம்பி வலையோ சரிவோடு படுத்துக்கொண்டு போகிறது. 30 டிகிரி சரிவில், வரைபடத்தின் 100 அடி தரையில் சுமார் 115 அடி. 20 டிகிரி என்றால் 106. பத்திரத்தில் இல்லாத 15 அடி உங்களுக்குச் சும்மா கிடைத்திருக்கிறது, கம்பிக்கு மட்டும் காசு கேட்கிறார்கள்.

இனி வாங்கப்போகிறவர்கள் முதலில் தரையை ஒட்டி ஒரு கயிறு பிடித்து அளந்துவிடுங்கள். செயின் லிங்க் வலை சரிவுக்குத் தக்கபடி கொஞ்சம் சாய்ந்து கொடுக்கும். வெல்டு மெஷ் அப்படி வளையாது. படிப்படியாகத்தான் இறக்க வேண்டும், ஒவ்வொரு படிக்கடியிலும் முக்கோணமாக ஒரு சந்து விழும். அந்தச் சந்தை உங்களுக்கு முன்பே காட்டுப்பன்றி கண்டுபிடித்துவிடும்.

சமவெளியிலிருந்து வந்தவர், குன்னூர்: வேலிக்கு அடியில் சுற்றிலும் இரண்டடிக்குக் கல் கட்டிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. மேட்டிலிருந்து வரும் சேறும் நிற்கும், பாம்பும் வராது. செய்யலாமா?

செய்யலாம், திறப்பு விழாவுக்குப் பொதுப்பணித்துறையையும் கூப்பிடுங்கள். நீங்கள் கட்டப்போவது அணை. மேட்டுப் பக்கம் ஓடிவரும் தண்ணீர் அந்தச் சுவரில் முட்டி நிற்கும். மண் ஊறி ஊறிக் கனக்கும். வேலியைத் தாங்கக் கட்டிய சுவர் மலையைத் தாங்க வேண்டியதாகிவிடும். முதல் மழைக்காலத்தில் வயிறு தள்ளும், அடுத்ததில் கீழ்வீட்டுக்காரரின் சமையலறைக்குக் குடிபோகும்.

மண்ணைத் தாங்கச் சுவர் வேண்டுமானால் அதைத் தடுப்புச் சுவராகவே, அஸ்திவாரம் போட்டு, பின்னால் ஜல்லி நிரப்பி, நீர்க்கசிவுத் துளைகள் வைத்துக் கட்டுங்கள். வேலிக்கென்றால் அடியில் இடைவெளி விடுங்கள். மழைநீர் ஓடும் தடத்தில் கால் நடாதீர்கள். அந்த இடத்தில் வலையின் அடிப்பகுதியை மட்டும் தனித் துண்டாகத் தொங்கவிட்டால், வெள்ளம் வரும்போது தூக்கிக்கொண்டு வழிவிடும். தண்ணீருக்குப் பட்டா கிடையாது, ஆனால் நம் எல்லோருக்கும் முன்பிருந்தே அனுபவ பாத்தியதை உண்டு.

அவசரக்காரர், கூடலூர்: எந்த மாதத்தில் வேலை ஆரம்பிக்கலாம்?

பார்ப்பதை மழையில் செய்யுங்கள். குடையோடு ஒரு மணி நேரம் மனையில் நின்றால் தண்ணீர் எங்கே இறங்குகிறது, எங்கே தேங்குகிறது என்று தானே காட்டும். அங்கெல்லாம் முளைக்குச்சி அடித்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். உங்கள் கூடலூரை உலுக்குவது தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு வடகிழக்கு. இருவருக்கும் பொதுவாக வாய்க்கும் மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை. மழையில் குழி தோண்டினால் கிணறு வெட்டிய புண்ணியம்தான் கிடைக்கும்.

கோணல் பார்வைக்காரர், ஏற்காடு: ஆட்கள் கால்களைச் சரிவுக்குச் செங்குத்தாக நட்டிருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது...

இருக்கும், விழும்வரை. சரிவுக்குச் செங்குத்து என்றால் பள்ளத்தை நோக்கிச் சாய்வு என்று அர்த்தம். தூக்குக்குண்டு விட்டுப் பிடுங்கி நடச் சொல்லுங்கள். குழியின் ஆழத்தையும் மேட்டு விளிம்பிலிருந்து அளக்காமல் பள்ளத்து விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். காலின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போனால் நிம்மதி. யூகலிப்டஸ் கால் மலிவுதான், ஆனால் ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் தரைமட்டத்தில் முதலில் உளுத்துப்போகும். கல்காலோ கான்கிரீட் காலோ இந்த ஈரத்துக்கு உத்தமம்.

நொந்தவர், கொடைக்கானல்: நானே தூக்குக்குண்டு விட்டு நட்ட கால்கள். பத்து வருடத்தில் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் பள்ளத்தாக்கை வணங்குகின்றன. மேஸ்திரி சிமெண்டைக் குறைத்துவிட்டாரோ?

மேஸ்திரியைத் திட்டும் சுகத்தைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். சரிவில் மேல்மண் ஒரு இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. நனைந்தால் உப்பிச் சரிவுக்குச் செங்குத்தாக எழும்பும். காய்ந்தால் புவியீர்ப்பு அதை நேர் கீழே இறக்கும். எழும்பிய இடத்தில் இறங்காமல் ஒவ்வொரு தடவையும் இம்மியளவு கீழே தள்ளி இறங்குகிறது. இப்படி நனைந்து காயும் சுற்றுகள் வருடக்கணக்கில் சேர்ந்ததுதான் உங்கள் வேலியின் வணக்கம். இதை மண் நகர்வு என்பார்கள். இதற்குப் புவியியல் பாடநூல்கள் காட்டும் அடையாளங்களில் சாய்ந்த வேலிக்கால்களும் உண்டு. உங்கள் வேலி பாடப்புத்தகத்தில் வரவேண்டியது.

மெதுவான சாய்வென்றால் சில வருடத்துக்கு ஒருமுறை நிமிர்த்திக்கொள்ளலாம். ஆனால் மேட்டுப் பக்கம் தரையில் புதிதாக வெடிப்பு தெரிந்தாலோ, ஒரே மழையில் பல கால்கள் சாய்ந்தாலோ, கதவு ஜன்னல் இறுகினாலோ, திடீரென ஊற்று கிளம்பினாலோ வேலியை மறந்துவிட்டு வீட்டை விட்டு வெளியேறுங்கள், அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவுகள் 40-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. இதில் எனக்கு வேடிக்கை பேச வரவில்லை.

சிக்கனமானவர், வால்பாறை: உண்ணிச்செடியை நட்டால் பூவும் ஆச்சு, முள்ளும் ஆச்சு, செலவும் இல்லையே?

இதையேதான் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை அழகுச் செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் நினைத்தார்கள். இப்போது முதுமலைக்குப் போய்ப் பாருங்கள், காட்டுக்குள் காடாக நிற்கிறது. உயிர்வேலி வேண்டுமென்றால் மழை பிடிக்கும் சமயத்தில் கல்யாண முருங்கைப் போத்துகளை நடுங்கள். தழையை ஆடு தின்னும். உறைபனி விழும் ஊட்டிப் பக்கத்துக்காரர்கள் எதை நடுவதானாலும் உள்ளூர் நாற்றுப்பண்ணையில் கேட்டுவிட்டு நடுங்கள்.

இன்னொரு சிக்கனமானவர், பெயர் ஊர் வேண்டாம்: எல்லையில் சில்வர் ஓக் வரிசையாக நிற்கிறது. அதிலேயே ஆணி அடித்துக் கம்பி கட்டினால்?

மரம் பருத்துக் கம்பியை விழுங்கும், காற்றில் ஆடி மீதியைத் தளர்த்தும். பிறகு வெட்டிவிடலாம் என்று பார்த்தால் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அனுமதி கேட்கும்.

பயந்தவர், கோத்தகிரி: இரவில் காட்டுமாடு வந்து கேரட்டை மேய்கிறது. கரண்ட் வேலி போடலாமா?

வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விடுவது குற்றம். மாடு சாகும், யானை சாகும், பால் ஊற்ற வருபவரும் சாவார். நொடிக்கு ஒருமுறை கணநேரத் துடிப்பு மட்டும் விடும் சோலார் வேலி வேறு வகை. அதற்கும் தமிழ்நாட்டில் 2023 முதல் தனி விதிமுறை உண்டு, வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். மழை ஊரில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் துடிப்பெல்லாம் மண்ணுக்குள் போய்விடும். வாரம் தவறாமல் செதுக்க முடியாதவர்கள் இந்த ஆசையை விடுவது நல்லது.

பெரிய ஆண் காட்டுமாடு ஒரு டன் கூட இருக்கும். சாதாரண வேலியை அது கவனிப்பதே இல்லை. முள்கம்பி அதற்குக் காயம்தான், தடை கிடையாது. காய்கறிப் பாத்தியை மட்டும் வீட்டை ஒட்டி அடைத்துக்கொண்டு, அது நடந்து பழகிய தடத்தை விட்டுவிடுங்கள்.

புது வீட்டுக்காரர், குன்னூர்: கேட் கால்வாசிதான் திறக்கிறது.

மேட்டுப் பக்கம் திறக்கும்படி வைத்திருப்பீர்கள். அடிப்பக்கம் தரையில் இடிக்கிறது. கீல்களை மாற்றிப் பள்ளத்துப் பக்கம் திறக்கச் செய்யுங்கள். அந்தப் பக்கம் ரோடு என்றால் வெளியே திறக்க முடியாது, ஒற்றைக் கதவை இரண்டு குறுங்கதவுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். வெல்டர் வரும்வரை ஒல்லியான உறவினர்களாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.