மாமா கண்ட எரிமலை

ஏரி கொஞ்சம் வட்டமாக இருந்து, சுற்றிலும் மலையும் இருந்துவிட்டால் போதும். அது எரிமலையின் வாய்தான் என்று அடித்துச் சொல்ல ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி ஆரணி மாமாவுக்கு. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரை ஒட்டி இருக்கும் கோமுட்டேரியை அவர் எரிமலையாக அறிவித்துப் பல காலம் ஆகிறது. ஆதாரம் கேட்டால் சளைக்க மாட்டார்.

"திருவண்ணாமலை என்ன ஸ்தலம்? அக்னி ஸ்தலம். ஜமுனாமரத்தூர் எந்த மாவட்டம்? திருவண்ணாமலை மாவட்டம். அப்புறம் என்னடா?"

வருவாய்த் துறை எல்லையை வைத்துப் புவியியலை முடிவு செய்த முதல் அறிஞர் மாமாதான்.

எரிமலையைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் பிடிபடாது, உயரத்திலிருந்து பார்த்தால்தான் அதன் வடிவம் தெரியும் என்பது அவருடைய அடுத்த கோட்பாடு. ஆகவே பயணம் ஏற்பாடாயிற்று. ஆம்பூரில் கிளம்பி, வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக மலையேறி, ஏரியைப் பார்த்துவிட்டு, போளூர் பக்கம் இறங்கி, மாமாவையும் அத்தையையும் ஆரணியில் விடுவது என்று திட்டம். ஆம்பூர்க்காரர்கள் வெளியூர் போவதென்றால் பிரியாணிக் குண்டானுக்குத்தான் முதலில் இடம் போடுவோம். மிச்சமிருந்த இடத்தில் மனிதர்கள் உட்கார்ந்தோம். கொண்டை ஊசி வளைவுகளுக்காக ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கையில் இருந்தது. மலை என்றால் குளிரும் என்று மே மாதத்தில் அத்தை போட்டுவந்த ஸ்வெட்டர் ஆலங்காயத்திலேயே கழன்றுவிட்டது.

வழியில் காவலூர். வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் வடக்கு வானம், தெற்கு வானம் இரண்டையும் இங்கிருந்து பார்க்கலாம். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்துகொண்ட 1977 மார்ச் மாதத்து இரவில் இங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியும் கண்விழித்துக் காத்திருந்தது. 1986-இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1988-இல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். இவ்வளவையும் அங்கிருந்த இளைஞர் ஒருவர் பொறுமையாக விளக்கி முடித்து, ஏதாவது கேள்வி உண்டா என்றார்.

"இதுல வாணியம்பாடி தெரியுமா தம்பி?" என்றார் அத்தை. அவருடைய தங்கை வீடு அங்கேதான்.

இது வானத்தை மட்டும்தான் பார்க்கும் அம்மா என்றார் அவர். யாருமே குடியில்லாத இடத்தைப் பார்க்கவா இத்தனை பெரிய கண்ணாடி என்று அத்தைக்கு மனசு ஆறவில்லை.

அத்தையைக் கேலி செய்ய எனக்கு உரிமை கிடையாது. தமிழர்கள் மலைமேல் ஏறுவதே கீழே தங்கள் ஊர் தெரிகிறதா என்று பார்க்கத்தான். ஏற்காட்டில் லேடிஸ் சீட்டில் நிற்கும் கூட்டத்தைக் கவனியுங்கள். சேலம் ஜங்ஷன் எது, புது பஸ் ஸ்டாண்ட் எது என்ற விசாரணைதான் நடக்கும். கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் பனி விலகினால் மதுரை தெரியும் என்று யாரோ சொல்ல, மதுரைக்காரர்கள் அசையாமல் நிற்பார்கள். அன்று காலைதான் மதுரையிலிருந்து கிளம்பி வந்திருப்பார்கள். வளைவு வளைவாக ஏறி, வாந்தி எடுத்து, காசு கொடுத்து ரூம் போட்டு, விட்டுவந்த ஊர் வைத்த இடத்திலேயே இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டால்தான் நமக்குத் தூக்கம் வரும்.

கோமுட்டேரிக்கு வந்துசேர்ந்தோம். சின்ன ஏரி, படகு விடுகிறார்கள், சுற்றிலும் பச்சை. மாமா கரையில் குனிந்து தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார்.

"லேசா சூடா இருக்கு பாரு."

மே மாதத்துப் பகல் 12 மணிக்கு ஆம்பூரில் குழாய்த் தண்ணீரும் அப்படித்தான் இருக்கும் என்றேன். அவர் காதில் விழவில்லை.

மாமாவுக்கு எதிராக மலையே சாட்சி சொல்கிறது. இங்கே கிடப்பது எரிமலை கக்கிய பாறை அல்ல. நைஸ் என்ற பாறையும் சார்னோக்கைட் என்ற பாறையும்தான். சார்னோக்கைட் நம் பல்லாவரத்துக் கல். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் இந்த ஜாதிக் கல்தான் கிடக்கிறது. அதைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் 1893-இல் இந்தப் பெயரை வைத்தார். பல்லாவரத்தில் பிறந்த கல்லுக்குக் கல்கத்தாவில் செத்துப்போன வெள்ளைக்காரர் பெயர்! கல்லாகப் பிறந்தாலும் வெளியூர் போனால்தான் மதிப்பு. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பாறை இது என்று மாமாவிடம் விளக்கினேன்.

"வெந்துதுன்னு நீயே ஒத்துக்கிட்டியே!" என்றார்.

அவருக்கு உதவக்கூடிய சாட்சி ஒன்று உண்டு. பக்கத்திலேயே, திருப்பத்தூர் மாவட்டத்தில் ஏலகிரி. சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பாறைக் குழம்பு கீழிருந்து கிளம்பி மேலே வந்தது. ஆனால் தரையைத் தொடுவதற்குள் உள்ளேயே ஆறி இறுகிவிட்டது. கூட்டுக் குடும்பத்து மருமகளின் கோபம் மாதிரி, பொங்கியது உண்மை, வாசலுக்கு வரவில்லை. இதை மாமாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே ஏலகிரிக்கு வண்டியைத் திருப்பச் சொல்லியிருப்பார்.

உண்மை என்னவென்றால், மற்ற நாடுகளில் மலைமேல் ஏரியை எரிமலை உண்டாக்கும். நம்மூரில் கலெக்டர் உண்டாக்குவார். ஊட்டி ஏரியை 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டினார். கொடைக்கானல் ஏரியை 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் அமைத்தார். மகாராஷ்டிரத்தில் லோணார் ஏரி ஒன்றுதான் மாமாவின் கட்சிக்கு நம்பிக்கை தந்தது. கிட்டத்தட்ட 1.8 கிலோமீட்டர் விட்டம், கச்சிதமான வட்டம். எரிமலை வாய் என்று படித்தவர்களே வெகுகாலம் நம்பினார்கள். கடைசியில் அது விண்கல் விழுந்த பள்ளம் என்று தெரிந்தது. அந்தக் கேஸும் காவலூர்க்காரர்கள் இலாகாவுக்குப் போய்விட்டது.

போளூருக்கு இறங்கும் சாலையில் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினோம். கீழே சமவெளி விரிந்து கிடந்தது. வயல், தோப்பு, நடுநடுவே ஏரிகள். வட ஆற்காட்டுச் சீமையில் ஏரிக்குப் பஞ்சமா? அவற்றை நிரப்பும் தண்ணீருக்குத்தான் பஞ்சம். பளபளத்த ஒவ்வொன்றுக்கும் எங்கள் வண்டியில் ஒரு பெயர் வைக்கப்பட்டது. மாமா ஒன்றைப் போளூர் ஏரி என்றார். அத்தை அது தன் பிறந்த ஊர் ஏரி என்றார். கல்யாணமான நாளிலிருந்து தீராத ஏதோ ஒரு பழைய வழக்கு அந்த ஏரியின் பெயரால் மறுபடி விசாரணைக்கு வந்தது. எரிமலையைக் கொஞ்ச நேரம் எல்லோரும் மறந்தேபோனோம்.

வளைவில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த மலையாளிப் பழங்குடி ஆயா எங்களை வேடிக்கை பார்த்தார். மாமா அவரையும் விடவில்லை.

"ஏம்மா, இந்த மலையில எப்பவாச்சும் நெருப்பு வந்திருக்கா?"

"வராம? கோடையில எவனாவது பீடியைப் போட்டுட்டுப் போவான், காடு எரியும். நாங்கதான் தழையை ஒடிச்சு அடிச்சு அணைப்போம்."

மாமா பீடி பிடிப்பதில்லை. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டார். தினமும் இந்தக் காட்சியைப் பார்க்கிறீர்களே, அலுக்காதா என்று ஆயாவிடம் கேட்டேன். அவர் போளூர் பக்கம் கையை நீட்டினார். "பேத்தி அங்க ஹாஸ்டல்ல படிக்குது" என்றார். மேலே இருப்பவர்களும் பார்ப்பது தங்கள் வீட்டு மனுஷர்களைத்தான்.

மாமா தேடிய மாதிரி நிஜமான எரிமலை ஏரி என்றால் சுமத்ராவின் தோபா ஏரிதான். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் ஆந்திரத்தின் ஜ்வாலாபுரம் வரை வந்து படிந்து கிடக்கிறது. வெடித்த பள்ளம் இன்று சுமார் 100 கிலோமீட்டர் நீள ஏரி. அதன் வட கரையில் மலை விளிம்பில் நின்று குனிந்து பார்க்கும் இடங்கள் உண்டு. சுமத்ராத் தீவின் மேற்குக் கரையில் பரோஸில் நம் வணிகர்கள் 1088-இல் தமிழ்க் கல்வெட்டு வைத்தார்கள். ஏரிக்கு வடக்கே வாழும் காரோ மக்களின் குலப்பெயர்களில் சோலியா, பாண்டியா எல்லாம் இருக்கின்றன. இதை மாமாவிடம் சொன்னதுதான் தாமதம். "அப்போ அங்க நம்ம ஆளுங்க இருக்காங்களா? ஆரணிக்காரங்க யாராச்சும்?" என்றார். எரிமலையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.

ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் மழைக்காலம் முடிந்த கையோடு போங்கள். காவலூரைச் சனிக்கிழமையில் பாருங்கள். பலாச்சுளைக்குப் பேரம் பேசாதீர்கள். சாமை அரிசியும் தேனும் வாங்குங்கள். அணைக்காத பீடியையும் பிளாஸ்டிக் பையையும் காட்டில் போடாதீர்கள். எரிமலை ஏரிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் நேராக சுமத்ராவுக்கு டிக்கெட் எடுங்கள். மாமாவையும் கூட்டிப்போவதாக இருந்தால் பாதிச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.