ஓரெழுத்துத் தொண்டர்

புதிதாக ஒரு மென்பொருள் வந்தால் மற்றவர்கள் அதை ஓட்டிப் பார்ப்பார்கள். நம் ஓரெழுத்துத் தொண்டர் அதன் ரீட்மீ கோப்பை வாசிப்பார். ‘ரிசீவ்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ‘ஐ’யும் ‘இ’யும் இடம் மாறி உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டதும் முகத்தில் அப்படியொரு களை! மென்பொருள் ஓடுகிறதா, படுத்துவிட்டதா என்பதெல்லாம் அவர் இலாகா அல்ல.

உடனே கிட்ஹப்பில் ஒரு ஃபோர்க், தனி பிராஞ்ச், எழுத்து மாற்றம், கமிட். மாற்றியது இரண்டு எழுத்து. ஏன் மாற்றினேன் என்ற விளக்கம் மூன்று பத்தி. இந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற புல் ரிக்வெஸ்ட் போனதும் எங்கோ இருக்கும் சர்வர்கள் விழித்தெழுந்து, இந்த இரண்டு எழுத்தால் மென்பொருளுக்கு ஆபத்து உண்டா என்று அத்தனை சோதனைகளையும் ஓட்டிப் பார்த்துப் பச்சை டிக் கொடுக்கும். அதற்குப் பிறகு தொண்டருக்குச் சோறு இறங்காது.

“சாப்பிட வர்றீங்களா, இல்லையா?”

“இரும்மா, மெர்ஜ் ஆகட்டும்.”

“லினக்ஸ் கெர்னல்ல என் பேட்ச் இருக்கு” என்று கல்யாண வீடுகளில் சொல்வார். பொய்யில்லை. அதன் டாக்குமெண்டேஷனில் அடுத்தடுத்து நின்ற இரண்டு ‘தி’க்களில் ஒன்றைத் தூக்கியவர் அவர்தான். ஆள் உதவியே இல்லாமல் பிழை பிடிக்கிற ‘கோட்ஸ்பெல்’ போன்ற கருவிகள் மீது மட்டும் தீராத பொறாமை. “அதுக்கு அர்த்தம் புரியுமா சார்?” என்பார்.

அக்டோபர் வந்தால் அவருக்கு மானப் பிரச்சினை. புல் ரிக்வெஸ்ட் போட்டால் டி-ஷர்ட் தந்துவந்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் இயக்கம் 2014இல் தொடங்கியது. 2020இல் ரீட்மீயில் ‘அற்புதம்’ என்று ஒரு சொல்லைச் செருகிவிட்டுச் சட்டை கேட்டவர்கள் படையெடுத்தார்கள். திட்டங்களைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்கள் கொதித்தெழவே, சம்மதம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் சேரும் என்று விதி மாறியது. “நான் என்ன சட்டைக்கா செய்றேன்?” என்று தொண்டர் பொருமுவார், 2019ஆம் வருடச் சட்டையைப் போட்டுக்கொண்டு.

அவருக்கும் ஆறாத காயங்கள் உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று பிரவுசர் சொல்லும் ‘ரெஃபரர்’ தலைப்பில் ஓர் ‘ஆர்’ குறைவு. 1996இல் வந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே பிழையாக அச்சேறி, உலகத்து சர்வர்கள் எல்லாம் அதையே கற்றுக்கொண்டுவிட்டன. இனி திருத்தினால்தான் தப்பு. யூனிக்ஸின் ‘கிரியேட்’ சிஸ்டம் காலுக்கோ கடைசி ‘இ’யே இல்லை. யூனிக்ஸைத் திரும்பச் செய்தால் அந்த ‘இ’யைச் சேர்ப்பேன் என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சனே சொன்னதாகக் கேள்வி. தொண்டர் அன்றிலிருந்து அவருடைய பக்தர்.

சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் ஆவணத்தில் உள்ள கட்டளையில் ஒரு எழுத்து பிசகினால், அதை நம்பிக் காப்பியடித்து ஒட்டுகிறவர் திரையில் பிழைச் செய்திதான் வரும். அந்த ஆவணத்தை எழுதியவர்கூடத் திரும்பப் படித்திருக்க மாட்டார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த ஒரே பிரகிருதி நம் தொண்டர்தான். அவருடைய புல் ரிக்வெஸ்ட் வந்தால், மெயின்டெய்னர்களே, மெர்ஜ் செய்துவிடுங்கள். பாவம், சாப்பிடட்டும்.