பிளாட்டினம் விருந்தாளியும் பதினோராம் நம்பர் ரூமும்

ஒரே கம்பெனியின் விடுதிகளில் திரும்பத் திரும்பத் தங்குகிறவருக்குப் புள்ளிகளும், புள்ளிகளைவிட முக்கியமாக ஓர் உலோகத்தின் பெயரும் கொடுக்கிற ஏற்பாட்டுக்கு ஓட்டல் விசுவாசத் திட்டம் என்று பெயர். ஓட்டல்காரர்கள் இதை விமானக் கம்பெனிகளிடம் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் திட்டத்தை 1981-ல் தொடங்கியது. 1983-ல் ஹாலிடே இன், மாரியட் இரண்டும் தங்கள் திட்டங்களோடு வந்துவிட்டன. இன்றைய மாரியட் பான்வாய் திட்டத்தில் ஆண்டுக்கு 10 இரவு தங்கினால் சில்வர், 25-க்கு கோல்டு, 50-க்கு பிளாட்டினம், 75-க்கு டைட்டானியம். 100 இரவும் தங்கி, 23,000 டாலரும் செலவழித்தவர் அம்பாசடர்; உலோகங்கள் போதவில்லை, தூதர் பதவிக்குத் தாவிவிட்டார்கள். ஆண்டில் நூறு இரவு வீட்டில் இல்லாதவருக்கு வீட்டில் என்ன தகுதி என்பதைப் பற்றித் திட்டத்தின் விதிமுறைகளில் ஒன்றும் இல்லை.

இந்தக் கம்பெனிகளின் பெயர்ப்பலகைகள் எதுவும் கடலூரிலோ சிதம்பரத்திலோ கிடையாது. ஆனால் அட்டை வைத்திருப்பவர்கள் தாராளமாக உண்டு. நெய்வேலிக்கும் கடலூர் சிப்காட்டுக்கும் வந்துபோகும் ஆலோசகர்கள், திருவிழாவுக்கு வரும் சிங்கப்பூர் மகன்கள், தீபாவளிக்கு வரும் பெங்களூர் மருமகன்கள். ஊருக்குள் நுழைந்ததும் இவர்களுடைய பிளாட்டினம் செல்லாக்காசாகிவிடுகிறது. பெட்டியில் தொங்கும் பட்டையைப் பார்த்து ஆட்டோக்காரர் ஐம்பது ரூபாய் கூடக் கேட்பது ஒன்றுதான் அதற்குக் கிடைக்கும் அங்கீகாரம்.

இத்திட்டங்களில் வரும் ‘பங்கேற்கும் விடுதிகளில் மட்டும்’ என்ற நிபந்தனைக்கு இந்தக் கடற்கரையில் பழைய முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். பெரிய பீரங்கியாகப் பார்த்துச் சுட்டார்கள். உள்ளே அகப்பட்டவை குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. இன்றைய சங்கிலி ஓட்டல்கள் சென்னையிலிருந்து சுடும் குண்டு இன்னும் கெடிலம் ஆற்றில் வந்து விழவில்லை.

சலுகைகளில் முதலாவது அறை உயர்வு. இருப்பதிலேயே மலிவான அறையைப் பதிவு செய்துவிட்டு, கவுன்ட்டரில் நின்று, பெரிய அறை ஏதும் காலியாக இருக்கிறதா என்று பிளாட்டினம் விருந்தாளி முகத்தில் ஆவல் தெரியாமல் விசாரிப்பார். ‘இருப்பைப் பொறுத்து’ என்பது நிபந்தனை. கடலூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள நடுத்தர லாட்ஜ்களில் இந்தச் சலுகை இதைவிட எளிமையானது. அங்கே பல இடங்களில் ஏசி ரூமுக்கும் நான்-ஏசி ரூமுக்கும் உள்ள ஒரே வித்தியாசம் ரிமோட். மேனேஜர் மேஜை டிராயரைத் திறந்து ரிமோட்டை எடுத்துக் கொடுத்தால் அறை உயர்ந்துவிடும். விருந்தாளி கட்டிலைவிட்டு இறங்க வேண்டியதில்லை.

அடுத்தது, அறையைத் தாமதமாகக் காலி செய்யும் உரிமை. இதைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும். பெரிய ஓட்டல்களில் பொதுவாகப் பிற்பகல் 3 மணிக்குத்தான் அறை கிடைக்கும். மறுநாள் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். ஒரு நாள் வாடகைக்கு 21 மணி நேரம். 50 இரவு தங்கி மாரியட்டில் பிளாட்டினம் ஆனவர் மாலை 4 மணிவரை இருக்கலாம். ரிசார்ட்டுகளில் அதுவும் உறுதியில்லை. சிதம்பரத்திலோ பல லாட்ஜ்களில் இன்னமும் 24 மணி நேரக் கணக்குதான். நள்ளிரவு ரயிலில் இறங்கி 2.40-க்கு வந்தவர் மறுநாள் 2.40 வரை இருப்பார். லெட்ஜரில் நேரம் எழுதப்படும். (ரிசப்ஷன் கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடுவது வேறு விஷயம்.) தகுதி எதுவும் கேட்கமாட்டார்கள், அட்வான்ஸ் மட்டும் கேட்பார்கள். எல்லோருக்கும் இருந்த மூன்று மணி நேரத்தை முதலில் பிடுங்கிக்கொண்டு, ஐம்பது இரவு பொறுத்தவருக்கு மட்டும் அதைப் புன்னகையோடு திருப்பிக் கொடுத்தால் அதுதான் சலுகை. கணக்குப் போட்டால் பிளாட்டினத்துக்குக் கிடைப்பது 25 மணி நேரம். ஆக, ஐம்பது இரவுகளின் நிகர லாபம் சிதம்பரம் லாட்ஜைவிட ஒரு மணி நேரம்.

இலவசக் காலை உணவும் அப்படித்தான். மாரியட்டின் பல பிராண்டுகளில் பிளாட்டினம் விருந்தாளியிடம் புள்ளிகள் வேண்டுமா, டிபன் வேண்டுமா என்று வந்ததும் கேட்டுவிடுவார்கள். டிபன் என்றவர் மறுநாள் நாற்பது பாத்திரங்களின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு இரண்டு இட்லி எடுத்துக்கொண்டு உட்காருவார். வெறும் இட்லிக்காகவா வந்தோம் என்று தோன்றி, பசியில்லாமலே சீஸ், தர்ப்பூசணி, யாரும் தொடாத ஒரு ரொட்டி என்று மூன்று நடை நடப்பார். சிதம்பரத்து லாட்ஜ்களில் சமையல்கட்டே இல்லாதவை அதிகம். ரூம் பாய் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய், காபியோடு இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் வாங்கி வருவார். சில்லறை பாக்கியை அவர் திருப்பித் தர முயல்வார். விருந்தாளி வேண்டாம் என்பார். இது தினமும் நடக்கும். எக்ஸிகியூட்டிவ் லவுஞ்சுக்கு ஈடாக ரிசப்ஷன் சோபா இருக்கிறது. உள்பக்கம் பிரிந்துபோகாத தினத்தந்தி முதலில் யார் கைக்கு வருகிறதோ அவரே அங்கே டைட்டானியம்.

லாட்ஜின் நிஜமான மேல்தட்டு மெடிக்கல் ரெப்புகள். மாதம் தவறாமல், அதே கிழமையில், அதே பையோடு வருகிறவர்கள். இவர்களுக்கு ஆப் கிடையாது, புள்ளி கிடையாது. படியேறும்போதே மேனேஜர், “வாங்க சார், பதினொண்ணு கூட்டி வெச்சாச்சு” என்பார். பதினோராம் நம்பர் பஸ் ஸ்டாண்டைப் பார்க்காத ரூம். ஹாரன் சத்தம் வராது. வெந்நீர் எட்டு மணிக்கு நிற்காது. ஒவ்வொரு முறையும் ஆதார் ஜெராக்ஸ் கேட்கமாட்டார்கள். கம்பெனி எவ்வளவு வரை வாடகை தருகிறது என்பதும் மேனேஜருக்கு மனப்பாடம். பில் அந்தத் தொகையை ஒட்டியே வந்து நிற்பது தற்செயல் என்று நம்புவது நாகரிகம். இந்த அளவு நுட்பமான சலுகையை இதுவரை எந்தப் பன்னாட்டுத் திட்டமும் அறிவித்ததில்லை.

அரசு மாளிகைகள் தனி உலகம். கடலூர் சுற்றுலா மாளிகை போன்ற இடங்களில் எத்தனை இரவு தங்கினீர்கள் என்பது கணக்கிலேயே வராது. என்னவாக இருக்கிறீர்கள் என்பதே கணக்கு. இதற்கு மூலமாகக் கருதத்தக்கது 1979 ஜூலை 26-ல் வெளியான மத்திய அரசின் முன்னுரிமை வரிசைப் பட்டியல். குடியரசுத் தலைவர் 1, பிரதமர் 3, தத்தம் மாநிலத்தில் முதலமைச்சர்கள் 7, நாடாளுமன்ற உறுப்பினர்கள் 21. இந்த வரிசை அரசு விழாக்களுக்கு மட்டுமே, அன்றாட அலுவலுக்குப் பொருந்தாது என்று அதன் முதல் குறிப்பே சொல்கிறது. அந்தக் குறிப்பு வாட்ச்மேன் வரை வந்து சேரவில்லை. முறைப்படி அனுமதிக் கடிதத்தோடு தூங்கிக்கொண்டிருக்கும் உதவிப் பொறியாளர், அமைச்சர் வருகிறார் என்ற ஒரு போனில் லுங்கியோடு வராந்தாவுக்கு வந்துவிடுவார். விசுவாசத் திட்டங்களில் அறை உயரத்தான் செய்யும். இறங்கும் ஏற்பாட்டை அரசுதான் கண்டுபிடித்தது.

எல்லாத் திட்டங்களிலும் சலுகை செல்லாத நாட்கள் உண்டு. சிதம்பரத்தில் அவற்றைப் பஞ்சாங்கம் தீர்மானிக்கிறது. ஆனித் திருமஞ்சனமும் மார்கழி ஆருத்ரா தரிசனமும் முக்கியமானவை. இரண்டு திருவிழாக்களிலும் ஒன்பதாம் நாள் கோயில் மூலவரே தேரேறி வீதிக்கு வருகிறார். அவர் வெளியே வரும்போது ஊருக்குள் வருகிறவர்களுக்கு அறை எப்படிக் கிடைக்கும்? அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திட்டம் பிறந்த அதே 1981-ல் நாட்டியாஞ்சலி நடன விழாவும் பிறந்து மகா சிவராத்திரியையும் நிரப்பிவிட்டது. இது போக முகூர்த்த நாட்கள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தேர்வுகள், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரின் உறவுக்காரர்கள். அந்த நாட்களில் பதினோராம் நம்பர்கூடப் பதினோராம் நம்பர்க்காரருக்கு இல்லை. மாடிப்படிக்கு அடியில் ஒரு கட்டில் போடப்படும், அதுவே பெரிய மரியாதை.

விசுவாசத்தை நேரெதிராகப் பார்த்த நிறுவனம் சத்திரம். மூன்று நாளைக்கு மேல் தங்கக்கூடாது என்பது பல சத்திரங்களின் வழக்கம். முதல் நாள் விருந்தாளி, மூன்றாம் நாள் சந்தேகத்துக்குரியவர். ஐம்பது இரவு தங்க ஆசைப்படுகிறவருக்குப் பிளாட்டினம் கொடுப்பதற்குப் பதில் மூட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். காசு வாங்காத இடத்தில் வாடிக்கை பெருகுவது நஷ்டம் என்பதால், கொள்கையில் குற்றம் காண வழியில்லை.

தங்காமலே தகுதி பெறும் வழிகளும் வளர்ந்திருக்கின்றன. டிசம்பர் கடைசியில் இரண்டு இரவு குறைகிறது என்றால், பக்கத்திலுள்ள அதே கம்பெனியின் மலிவான ஓட்டலில் பெயரைப் பதிந்து சாவியை வாங்கிக்கொண்டு, தூங்குவதற்கு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். தன் வீட்டுக் கட்டிலில் படுக்க இன்னோர் இடத்தில் வாடகை கட்டுவதைக் கடலூர் முதுநகரில் எந்தப் பெரியவருக்கும் விளக்கிவிட முடியாது. அந்தச் சிரமம் வேண்டாம் என்பவர்களுக்காக 2023-ல் எச்டிஎஃப்சி வங்கியும் மாரியட்டும் சேர்ந்து ஒரு கிரெடிட் கார்டு கொண்டுவந்தன: ஆண்டுக் கட்டணம் கட்டினால் சில்வர் கூடவே வருகிறது. சில்வருக்கு டிபன் கிடையாது.

கிடைத்த தகுதியைக் காப்பாற்றுவதும் லேசல்ல. ஆண்டு பிறந்ததும் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கும். 600 இரவும், பத்து ஆண்டு பிளாட்டினமாகவும் இருந்தவருக்கு மாரியட் வாழ்நாள் பிளாட்டினம் தருகிறது. பெயர் சொல்வதுபோல அது வாழ்நாளோடு சரி, பிள்ளைக்கு வராது. சிதம்பரம் கோயிலின் பொது தீட்சிதர்களின் ஏற்பாடு இந்த இடத்தில் மேலானது. வழிவழியாக வரும் பக்தர் குடும்பத்துக்கென்று ஒரு தீட்சிதர் குடும்பம் உண்டு. ஊருக்கு வந்தால் அவர் எதிர்கொண்டு அழைத்துப்போய், அர்ச்சனை செய்வித்து, சிதம்பர ரகசியம் காட்டி அனுப்புவார். தங்கவும் சாப்பிடவும் அவர் வீடே வழி செய்த காலமும் உண்டு. வராத ஆண்டுகளில் விபூதியும் குங்குமமும் உறையில் போட்டுத் தபாலில் வரும். தாத்தா சேர்ந்த திட்டம் பேரனுக்கும் நடக்கிறது. ஓர் இரவுகூடத் தங்க வேண்டிய கட்டாயமில்லை, புள்ளிகள் காலாவதியாவதில்லை. மணியார்டராக வந்துகொண்டிருந்த காணிக்கை இப்போது செல்போனில் வருகிறது. பேரன் வீடு மாற்றினால் புதிய முகவரியைப் பின்கோடோடு எழுதிப்போட வேண்டும்.