லேத்துக்காரன் வயித்துல அடிக்காத பேராண்டி

ஏலே பேராண்டி, போல்ட்டை அளவு பாத்து முறுக்குத டார்க் ரெஞ்ச் வாங்கணும்னு உங்கம்மைகிட்ட ரூவா கேட்டியாமே, காதுல விழுந்துச்சு. உனக்கு எதுக்குலே அது? கையில தெம்பில்லாதவன் வாங்குத சாமான்லா. உன் கை முட்டையும் பாலும் குடுத்து வளத்த கை. நீ முறுக்குன போல்ட்டை இந்த ஊருல இன்னொருத்தன் கழட்டுனதாச் சரித்திரமே கிடையாது. கழட்டப் போனவன் போல்ட்டுத் தலையை மட்டும் கையில எடுத்துக்கிட்டு வந்தான். உடம்பு இன்னும் எஞ்சினுக்குள்ளதான் கிடக்கு.

அதுபோக, நீ அந்த ரெஞ்சை வாங்கிட்டேன்னா பஜார்ல லேத்துப் பட்டறை வச்சிருக்கானே, அவன் பொழைப்பு என்னத்துக்காகும்? ஞாயித்துக்கிழமை நீயும் உன் சேக்காளிகளும் வீட்டு வாசல்ல வண்டியை நிப்பாட்டி ஆயில் மாத்துதீக. திங்கக்கிழமை விடிஞ்சா அவன் பட்டறை முன்னால வண்டிக வரிசை கட்டி நிக்கி. "அண்ணாச்சி, டிரெயின் போல்ட்டு சும்மா சுத்துது, ஆயில் ஒழுகுது." அவனும் முகத்தைத் துக்கமா வச்சுக்கிட்டு, ட்ரில்லு போட்டுப் பழைய மரையை அழிச்சு, டேப்பு விட்டுக் கொஞ்சம் பெருசா மரை வெட்டி, ஹெலிகாயில்னு ஒரு எஃகுக் கம்பிச் சுருளை உள்ள எறக்கிக் குடுக்கான். கம்பெனிக்காரன் அலுமினியத்துல வெட்டுன மரையை விட அந்தச் சுருள் மரை ஒசத்தி. ஆகக்கூடி நீ மரையை அழிச்சது வண்டிக்குச் செஞ்ச உபகாரம். அதுக்குக் கூலி மட்டும் நீ குடுக்க வேண்டியிருக்கு, அவ்வளவுதான்.

இப்ப கணக்குக்கு வா. நீதான் பத்தாங்கிளாசுல கணக்குல தொண்ணூறு வாங்குனவனாச்சே. டிரெயின் போல்ட்டுக்கு 17-ஆம் நம்பர் ஸ்பேனரை மாட்டுத. அது 20 சென்டிமீட்டர் நீளம்னு வச்சுக்கோ. நுனியில 15 கிலோ பலத்துல இழுத்தா, அதாவது ஒரு குடம் தண்ணி தூக்குத பலம், போல்ட்டுக்குப் போய்ச் சேர்ற முறுக்கு சுமார் 29 நியூட்டன் மீட்டர். நம்ம ஊருல ஓடுத சின்ன வண்டிகளுக்குப் கம்பெனிக்காரன் பெரும்பாலும் 20-லேருந்து 30-க்குள்ளதான் கேட்டிருப்பான். அப்ப குடம் தூக்குத பலத்தோட வேலை முடிஞ்சுபோச்சு. ஆனா நீ அங்கயா நிப்பாட்டுத? "லூசா இருந்துரக் கூடாதுல்லா தாத்தா"ன்னு ஸ்பேனர் வால்ல ஒரு இரும்புப் பைப்பைச் சொருவுத. நீளம் 60 சென்டிமீட்டர் ஆயிருது. கை அதே கை, பலம் அதே 15 கிலோ. போல்ட்டுக்குப் போறது 88. கேட்டது ஒரு பங்கு, நீ குடுத்தது மூணு பங்கு. கல்யாண வீட்டுல இப்படிப் பரிமாறுனா பேரு கிடைக்கும். எஞ்சின்ல பரிமாறுனா என்ன கிடைக்கும்னு திங்கக்கிழமை தெரியும்.

எஞ்சின் சைடு கவரைச் சுத்தி இருக்கே 6 மில்லி மரை போல்ட்டுக, அதுக இன்னும் பூஞ்சை. சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான் முறுக்கச் சொல்லியிருக்கான். 10-ஆம் நம்பர் ஸ்பேனர் ஒரு சாண் நீளம்கூட இருக்காது. எட்டு கிலோ இழுப்புப் போதும். ஸ்பேனரைச் சின்னதாச் செஞ்சவன் இரும்பு மிச்சம் பிடிக்கச் செய்யலலே. உன்னய மனசுல வச்சுத்தான் செஞ்சிருக்கான்.

முறுக்குனாத்தான் நிக்கும்னு நினைக்க, பாரு, அங்கதான் சூட்சுமம். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா மாட்டுததைப் பாத்திருக்கியா? எங்க பாத்திருக்கப் போற, சொல்லுதேன் கேளு. பட்டாவைச் சக்கரத்தை விடத் துளி சின்னதாத்தான் செய்வாக. நெருப்புல போட்டா விரியும். விரிஞ்சதைச் சக்கரத்துல மாட்டித் தண்ணியை ஊத்துனா 'சுர்'னு சுருங்கப் பாக்கும். சக்கரம் விடாது. அந்தச் சுருங்கத் துடிக்கிற துடிப்புதான் ஆரக்காலையும் வட்டையையும் ஒண்ணாப் பிடிச்சு வச்சிருக்கு. போல்ட்டும் அதே சாதிதான். முறுக்கும்போது அது மயிரிழை நீளுது, பழையபடி சுருங்கப் பாக்குது, அந்த இழுப்புலதான் ரெண்டு துண்டும் ஒட்டி நிக்கி. கம்மியா முறுக்குனா இழுப்பு இருக்காது. எஞ்சின் அதிர்வுல போல்ட்டு தன்னால கழண்டு ரோட்டுல நடந்து போயிரும். அளவு தாண்டி முறுக்குனா நீண்டது நீண்டதுதான், திரும்பச் சுருங்குத ரோசம் அதுக்குச் செத்துப்போகும். அதுக்கப்புறம் அது நிக்கிறது வெறும் பழக்கதோசத்துல.

"என் கைக்கே அளவு தெரியும் தாத்தா"ன்னு சொல்லுவ. தெரியும்லே, யாரு இல்லன்னா? காலையில வெறும் வயித்துல ஒரு அளவு, மத்தியானம் கறிச்சோறு தின்னப்புறம் ஒரு அளவு. வீட்டுல சண்டை போட்டுட்டு வந்த மெக்கானிக்கு கை அளவு எவ்வளவுன்னு எந்தப் புத்தகத்துலயும் போடல. அதோட நீ குடுக்குத முறுக்குல ஏறக்குறையப் பாதி போல்ட்டுத் தலைக்கடியில உரசுததுலயே போயிருது. இன்னொரு நாப்பது சதவீதம் மரை உரசுததுல போகுது. போல்ட்டை இழுக்கப் போய்ச் சேர்றது சுமார் பத்து சதவீதம். மரையில துரு இருந்தா அந்தப் பத்தும் குறையும். கை "நல்லா இறுக்கமாச்சு"ன்னு சொல்லும், போல்ட்டு லூசாத்தான் இருக்கும். காஞ்ச மரைக்குன்னு சொன்ன அளவை ஆயில் தடவின மரைக்குக் குடுத்தா உரசல் குறைஞ்சு இழுப்பு எக்கச்சக்கமா ஏறிரும். கையோ "இன்னும் போகும்"னு சொல்லும். அதனாலதான் மரையைச் சுத்தமாத் தொடைக்கணும், ஆயில் போடச் சொன்ன எடத்துல மட்டும்தான் போடணும். நல்ல ரெஞ்சு நூத்துக்கு நாலு முன்னப்பின்ன இருக்கும். உன் கை நூத்துக்கு எவ்வளவுன்னு லேத்துக்காரன்கிட்ட கேளு, நோட்டுல எழுதி வச்சிருப்பான்.

உன்ன மட்டும் சொல்லல. வெள்ளக்காரன் மட்டும் யோக்கியமா? 1918-ல நியூயார்க்குல தண்ணி எலாகாவுல வேலை பாத்த கான்ராட் பார்ங்கறவர்தான் இந்த ரெஞ்சைக் கண்டுபிடிச்சதாச் சொல்லுதாக. மோட்டார் வண்டிக்குக்கூட இல்ல. மண்ணுக்கடியில ஓடுத குழாய் இணைப்புல ஆளுக போல்ட்டைக் கண்டபடி முறுக்காம இருக்கதுக்கு. அங்கயும் முட்டை பால் குடிச்ச கைக இருந்திருக்கு.

சரி, சொல்லியும் கேக்காம வாங்குத. அப்ப அதைச் சீக்கிரம் கெடுக்குத வழியாவது கத்துக்கோ. துருப்பிடிச்ச போல்ட்டைக் கழட்ட அதையே போடு. எட்டுனா சுத்தியலாவும் அடி. வேலை முடிஞ்சதும் அளவைக் கடைசிக் கோட்டுக்கு எறக்காம, உள்ள இருக்குத ஸ்பிரிங்கு இறுகினபடியே பெட்டியில போட்டு மூடு. முக்கியமா, 'டிக்'னு சத்தம் வந்து கைப்பிடி லேசா விட்டுக்குடுத்ததும் நிப்பாட்டிராத. சாமிக்கு ஒண்ணு, குலதெய்வத்துக்கு ஒண்ணுன்னு இன்னும் ரெண்டு 'டிக்' வை. அது ஒரே ஒரு தடவை சொல்லுத ஆளு. உங்க ஆச்சி இல்ல, திருப்பித் திருப்பிச் சொல்லுததுக்கு.

கெடுக்க வேண்டாம்னா ஒழுங்கு இதுதான். போல்ட்டை முதல்ல விரலால ஏத்து. நாலஞ்சு சுத்து விரல்லயே போகலைன்னா மரை கோணலாப் பிடிச்சிருக்கு, கழட்டிட்டு மறுபடி ஆரம்பி. டிரெயின் போல்ட்டுக்கு வாஷரைப் புதுசாப் போடு. ரெஞ்சைக் கைப்பிடி நடுவுல பிடிச்சு, வெடுக்குன்னு இல்லாம, நிதானமா இழு. ஹெட்டு நட்டுக நாலையும் குறுக்கு மறுக்கா, ரெண்டு மூணு தவணையில ஏத்து. ஒண்ணை முழுசா முறுக்கிட்டு அடுத்ததுக்குப் போனா ஹெட்டு கோணிக்கிடும். ஸ்பார்க் பிளக்குக்கு ரெஞ்சு இல்லாட்டியும் பாதகமில்ல. கையால அடி உட்காருத வரைக்கும் ஏத்து. சின்ன வண்டியில புது பிளக்குன்னா அதுக்கு மேல சுமார் அரைச் சுத்து, பழசையே திரும்பப் போட்டா எட்டுல ஒரு பங்குச் சுத்து. அதுக்கு மேல சுத்துனா சுத்துறது நீ இல்ல, உன் திமிரு.

ஒரு ரகசியம் சொல்லுதேன், வெளிய விட்ராத. போன வாரம் லேத்துக்காரன் அவன் சொந்த வண்டிக்கு ஆயில் மாத்துனான். பெஞ்சுக்கடியிலேருந்து துணி சுத்துன பெட்டி ஒண்ணை எடுத்தான். 'டிக்'னு ஒரு சத்தம். நிப்பாட்டிட்டான். அவன் வண்டியில இதுவரைக்கும் ஹெலிகாயில் கிடையாது. அந்த ரெஞ்சு யாரு காசுல வந்ததுன்னு யோசிச்சுப் பாரு, தூக்கம் வராது.

அதனால வாங்குததுதான் வாங்குத, ரெண்டா வாங்கு. 5-லேருந்து 25 வரைக்கும் அளக்குத சின்னது ஒண்ணு, 20-லேருந்து 100 வரைக்கும் பெருசு ஒண்ணு. பெருசை வச்சுச் சின்ன போல்ட்டை முறுக்குனா அடிக்கோட்டுப் பக்கம் அளவை நம்ப முடியாது. உங்கம்மைகிட்ட நான் பேசிக்கிடுதேன். பின் சக்கரத்து ஆக்சில் நட்டு என்னைக்கோ ஒரு நாள்தான கழட்டப் போற; அதுவரைக்கும் பெருசு என் வீட்டுப் பரண்ல பத்திரமா இருக்கட்டும். என் பம்புசெட்டு எஞ்சினுக்கு ஹெட்டு கேஸ்கெட்டு மாத்த வேண்டியிருக்குலே!