லேசா சமைக்கலாமாம்ல!

சிங்கப்பூருக்குக் கெளம்பிட்டியாடா தம்பி? சட்டை எடுத்தாச்சு, பொட்டி எடுத்தாச்சு, கறுப்புக் கண்ணாடிகூட எடுத்தாச்சு. எங்கடா படுப்பே?

"ரூம் எடுத்துக்குவேன் தாத்தா"ங்குறே. எடுப்பே, எடுப்பே. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்னு சொன்ன பெரியவங்க, நம்ம மூஞ்சியோட போயி அங்க ஒரு ரூம் கேட்டுப் பாத்ததில்லை.

ஏஜென்ட் போன்ல தேனாப் பேசுவான். ரயிலடி பக்கம், ஏசி இருக்கு, நாளைக்கே வரலாம்பான். கடைசியா, "பேரு என்ன?" சொல்லிப் பாரு. "அடடா, இப்பத்தான் வேறொருத்தர் எடுத்துட்டாரு"ம்பான். நீ பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஒருத்தன் பாயோட குடிவந்துட்டான், என்னா வேகம்! சிலபேரு "இந்தியர் வேண்டாம்"னு விளம்பரத்துலயே பச்சையாப் போட்டாங்க. நாகரிகம் தெரிஞ்சவங்க "லேசான சமையல் மட்டும்"னு போடுறாங்க.

லேசுன்னா என்னடா? வெந்நி வைக்கலாம். முட்டை அவிக்கலாம். நூடுல்ஸ் கிண்டலாம். கடுகு வெடிக்கப்படாது. மீன் குழம்புன்னு நீ மனசுல நெனைச்சாலே வீட்டுக்காரம்மா கதவைத் தட்டும். ஏன்டா, அந்த ஊர்ல மீன்தலைக் கறியைத் தேடிப்போயித் திங்கிறவங்க எல்லாம் யாரு? குழம்பு வேணும், குழம்பு வைக்கிறவன் வேண்டாமோ?

2011ல பேப்பர்ல வந்துச்சே. பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்துக் குழம்பு வாசம் ஆகலைன்னு, சீனாவுலேர்ந்து வந்த ஒரு குடும்பம் பஞ்சாயத்துக்குப் போச்சு. அவங்க வீட்ல இல்லாத நேரமாப் பாத்து இவங்க குழம்பு வைக்கணும்னு முடிஞ்சுது. சேதி தெரிஞ்சு கொதிச்சுப் போன சனம், ஆகஸ்டுல ஒரு ஞாயித்துக்கெழமை குழம்பு வச்சுப் பங்குபோட்டுத் தின்னுச்சு. சிங்கப்பூர்ச் சீனரும் சேந்துதான். நல்ல சனந்தான்டா. ஆனா குழம்புக்குக் கெடைச்ச நியாயம் ரூமுக்குக் கெடைச்சுதா?

சொந்தமா வாங்குனவன் கதையைக் கேளு. அங்க முக்காவாசிப் பேருக்கு மேல வீவக, அதாவது அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டுன வீட்லதான் இருக்காங்க. ஒவ்வொரு பிளாக்குலயும் இன்ன இனம் இத்தனை சதவீதந்தான்னு 1989லேர்ந்து கணக்கு. ஒரே இனம் ஒரே எடத்துல குமிஞ்சுறக் கூடாதுன்னு வச்சது. நெனைப்பு நல்ல நெனைப்புதான்.

ஆனா விக்கப் போறப்ப பாரு. சீனர் பங்கு நெறைஞ்ச பிளாக்குல, சீனக்காரர் இன்னொரு சீனருக்கு விக்கலாம். அடுத்த கதவுத் தமிழன் சீனருக்கு விக்க முடியாது. ஊர்ல நாலுல மூணு பேரு சீனர்! மிச்சமிருக்கிறவன் கேக்குற வெலைக்குத் தலையாட்டிக்கிட்டு நிக்கணும். ஒரே மாடி, ஒரே ஜன்னல், ஒரே காத்து. வெலை ரெண்டு. இதுல 2024ல மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீவக வீடு பத்து லட்சம் வெள்ளிக்கு மேல கைமாறியிருக்கு, அதுவும் 99 வருசக் குத்தகை வீடு! மத்தவன் ஏணியில ஏறுறப்ப இவன் ஏணியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். விக்க முடியாம ரொம்பத் திண்டாடுறவங்க வீட்டைக் கழகமே வாங்கிக்கிற ஏற்பாடு 2022லதான் வந்துச்சு. முப்பத்துச் சொச்சம் வருசம், அவசரம் என்ன?

மூஞ்சியைத் தூக்காதே. கெளம்புறதுக்கு முன்னாடி உங்கப்பன்ட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போ. மாடிப் போர்ஷனுக்கு ஆள் வந்தப்ப, புரோக்கரை ஓரமாக் கூட்டிப்போயி காதுல என்ன கேட்டான்னு. "சைவமா அசைவமான்னுதான் கேட்டேன்"ம்பான். உங்க வீட்லதான் வாரத்துல பாதி நாளு கருவாடு பொரியுது.