நீர்யானை வீட்டில் விசேஷம்

நாயைக் கொடுத்து நீர்யானை வாங்க முடியுமா? லண்டன் விலங்கியல் சங்கத்துக் கனவான்கள் வாங்கிக் காட்டினார்கள். தரகு வேலை பார்த்தவர் கெய்ரோவிலிருந்த பிரிட்டிஷ் கான்சல் ஜெனரல் சார்லஸ் மர்ரே. எகிப்தை ஆண்ட அப்பாஸ் பாஷாவுக்கு வேட்டை நாய் என்றால் உயிர். உசத்தியான நாய்கள் வந்து இறங்கும் என்றதும் பாஷா ‘ஓகே’ சொல்லிவிட்டார். நல்ல குடும்பம், பெரிய உத்தியோகம் எல்லாம் இருந்தும் மர்ரேக்குக் கடைசியில் ஒட்டிக்கொண்ட பட்டம், ‘நீர்யானை மர்ரே’!

1849-இல் வெள்ளை நைலின் ஒபேய்ஷ் தீவில் பிடிபட்டது குட்டி. பெயரும் ஒபேய்ஷ். கப்பலில் அதற்கு நன்னீர்த் தொட்டி, பாலுக்குக் கறவை மாடுகள், கொஞ்சுவதற்கு ஹாமத் என்கிற பராமரிப்பாளர். ஹாமத் பக்கத்தில் படுக்காவிட்டால் துரைக்குத் தூக்கம் வராது. 1850 மே 25 அன்று சவுதாம்ப்டனில் இறங்கியவரை லண்டனுக்கு அழைத்துப் போக ஸ்பெஷல் ரயில். நமக்கோ தட்கலிலேயே வெயிட்டிங் லிஸ்ட்!

அப்புறம் லண்டனுக்குப் பித்துப் பிடித்தது. ஜூவுக்கு வரும் கூட்டம் அந்த ஆண்டு ஏறத்தாழ இரட்டிப்பானது. விக்டோரியா மகாராணி வந்து பார்த்தார். ‘ஹிப்பொபொட்டமஸ் போல்கா’ என்று நடன இசைகூட வெளியானது. இவ்வளவு பேரும் முண்டியடித்து எதைப் பார்த்தார்கள் என்கிறீர்கள்? பெரும்பாலும், தூங்கிக்கொண்டிருந்த ஒரு முதுகை.

பிரபலம் ஆகிவிட்டால் அடுத்து கல்யாணம்தானே? 1854-இல் அதேலா என்ற பெண் வந்தாள். மாப்பிள்ளையும் குட்டி, பெண்ணும் குட்டி. வளர்ந்து ஆளான பிறகும் வருஷங்கள் ஓடின. ‘ஏதாவது விசேஷம் உண்டா?’ என்று கேட்க அத்தை, சித்தி யாரும் தேவைப்படவில்லை. ஒரு சங்கமே உட்கார்ந்து கேட்டது.

நடுவில் ஒருநாள் மாப்பிள்ளை கூண்டைவிட்டு வெளியே வந்துவிட்டார். டன் கணக்கில் கனம். யார் பிடித்து இழுப்பது? சூப்பரின்டென்டென்ட் ஆபிரகாம் பார்ட்லெட் கயிறு தேடவில்லை, ஒபேய்ஷுக்குக் கண்ணில் கண்டாலே ஆகாத ஓர் ஊழியரைத் தேடினார். அந்த மனிதர் கூண்டுக்குள் ஓட, நம்மவர் பழி தீர்க்கத் துரத்திக்கொண்டு உள்ளே போக, ஊழியர் மட்டும் வேலி தாண்டித் தப்பித்தார். அப்பாடா, ஆபீஸ் பகை உருப்படியாகப் பயன்பட்ட ஒரே சம்பவம்!

1871 பிப்ரவரியில் ஒருவழியாகக் குட்டி பிறந்தது. அதேலா பால் கொடுக்கிற மாதிரியே தெரியவில்லை. பெரிய மனிதர்கள் கூடிப் பேசி, குட்டியைத் தனியே எடுத்துப் புட்டிப்பால் கொடுக்க முடிவெடுத்தார்கள். பிள்ளை பெற்றவள் சும்மா விடுவாளா? முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சியடித்துத்தான் விரட்ட முடிந்தது. உள்ளே பாய்ந்தவர்கள் கையில் குட்டி விலாங்கு மீனாக வழுக்கியது. எப்படியோ கம்பளியில் சுற்றி, ஆட்டுப்பால் புகட்டினார்கள். பாவம், பிழைக்கவில்லை. அடுத்த ஜனவரியில் பிறந்ததும் போய்விட்டது.

மூன்றாவது குட்டி 1872 நவம்பர் 5 அன்று பிறந்தது. இந்த முறை ஐயாமார்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், அம்மாவும் பிள்ளையும் அவர்கள்பாட்டுக்கு இருக்கட்டும் என்று. ஆனாலும் பார்ட்லெட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீருக்குள் போன குட்டி வெகுநேரம் மேலே வரவேயில்லை. மூழ்கிவிட்டதோ, தொட்டியை வடித்துவிடலாமா என்று அவர் பதறிக்கொண்டிருந்தபோது அது சாவகாசமாக எழுந்து வந்து காதைச் சிலுப்பியது. நீர்யானைக் குட்டி தண்ணீருக்கு அடியிலேயே பால் குடிக்கும், சார்! கரையில் நின்றவர்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

அன்று இங்கிலாந்தில் பட்டாசு நாள். 1605-இல் பாராளுமன்றத்தையே வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்த கூட்டத்தில் சிக்கிய கை ஃபாக்ஸின் நினைவாக ஆண்டுதோறும் கொளுத்துவார்கள். குட்டிக்கும் ‘கை ஃபாக்ஸ்’ என்றே நாமகரணம் செய்தார்கள். பிறகுதான் யாரோ சரியாகப் பார்த்தார்கள்: பெண் குட்டி!

அதற்காகப் பெயரை மாற்றினார்களா? மூச்! அப்பா ஒபேய்ஷ் 1878-இல் போய்ச் சேர்ந்தார். மகளோ மீசைக்காரச் சதிகாரன் பெயரைச் சுமந்துகொண்டு, 1908 வரை லண்டன் மக்கள் கொடுத்ததைத் தின்று கொழுகொழுவென்று வாழ்ந்தாள்.