டாக்டர் வண்டியும் நாடி பார்ப்பதும்

கேள்வி: பழைய பைக் வாங்கப் போகிறேன். 'சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி' என்கிறார் புரோக்கர். நம்பலாமா?

பதில்: டாக்டர் ஓட்டியிருக்கலாம், வண்டிக்கு வைத்தியம் பார்த்தாரா? காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய், முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், உங்களுக்கு முன்பே யாரோ உதைத்து உதைத்துக் கிளப்பி வைத்திருக்கிறார்கள். ஆறவிட்டுக் கிளப்புங்கள். சைலன்சரில் நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது, இன்ஜின் வேலை காத்திருக்கிறது. மீட்டர் 12,000 கிலோமீட்டர்தான் காட்டும். கியர் லீவர் ரப்பரோ மொட்டையாகியிருக்கும். நான் ரப்பர் கட்சி. (அது மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் இரட்டிப்புச் சந்தேகம்.) ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரை வண்டியோடு ஒப்பிடுங்கள். கடன் பாக்கி என்றால், ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி. வராமல் அட்வான்ஸ் கூடாது. புரோக்கர் வாங்கித் தரும் டீயை மட்டும் தாராளமாகக் குடிக்கலாம்.